குழிக்கு முன் வாய்க்கால்: கிராவல் குழியைப் பாத்தி பாத்தியாக வெட்டுவது எப்படி?

கிராவல் எடுக்க நிலத்தைக் கொடுப்பவர் முதலில் கேட்பது, "எத்தனை யூனிட் வரும்?" என்பதுதான். குத்தகைக்கு எடுப்பவரும் அதையேதான் கேட்கிறார். நான் திருப்பிக் கேட்பது வேறு: "கார்த்திகை மழையில் இந்த நிலத்தில் தண்ணீர் எந்த மூலையில் நிற்கும்?" மண் எடுக்கப் போகும் இடத்தில் தண்ணீரைப் பற்றி எதற்குப் பேச்சு என்பதுபோல் பலர் பார்க்கிறார்கள். ஆனால் அங்கே ஆடு மேய்க்கும் பெரியவரைக் கேட்டால் உடனே கையை நீட்டிக் காட்டிவிடுவார். அவர் கை நீட்டும் அந்த மூலையிலிருந்துதான் குழியின் திட்டம் தொடங்க வேண்டும்.

எங்கே, எந்த வரிசையில், எவ்வளவு ஆழம் வெட்டுவது என்று முன்கூட்டியே எழுதி வரைந்து வைப்பதுதான் சுரங்கத் திட்டம். இந்தக் கட்டுரை, அந்தச் சொல்லையே முதன்முறை கேட்பவர்களுக்கானது. நில உரிமையாளர், புதிதாகக் குவாரி வேலைக்கு வந்தவர், பக்கத்துக் காட்டில் குழி வெட்டப்போகிறார்கள் என்று கவலைப்படும் விவசாயி, யாராக இருந்தாலும் இந்த அடிப்படை தெரிந்திருந்தால் வரைபடத்தைப் பார்த்துச் சரியான கேள்வி கேட்க முடியும்.

இரண்டு வகைச் சரளை

தமிழ்நாட்டில் கிராவல் என்று சொன்னால் பெரும்பாலும் செம்மண்ணோடு சிறு கற்கள் கலந்த சரளையைத்தான் குறிக்கிறோம். சாலைக்கு அடித்தளம் போடவும் பள்ளமான மனையை மேடாக்கவும் லாரி லாரியாகப் போவது இதுதான். இதில் களி அதிகம். மழை பெய்தால் நீர் மெதுவாகத்தான் கீழே இறங்கும். மீதி செந்நிறத்தில் மேலே ஓடும். இந்தக் குழிக்குத் தண்ணீர்த் தொல்லை வானத்திலிருந்தும் மேட்டு நிலத்திலிருந்தும் வருகிறது.

பழைய ஆற்றுப் படுகைகளில் கிடைக்கும் கூழாங்கல் சரளை வேறு. அதில் களி குறைவு, கற்களுக்கு இடையே வெற்றிடம் அதிகம். மழை நீர் நின்ற இடத்திலேயே உள்ளே போய்விடும். அங்கே தொல்லை கீழிருந்து, ஊற்றாக வரும். ஒன்றுக்கு எழுதிய வடிகால் திட்டத்தை இன்னொன்றுக்குப் பொருத்தினால் வேலைக்காகாது. நான் இங்கே பேசப்போவது முதல் வகையை, செம்மண் கிராவலை.

ஒரு நிலத்தை எடுத்துக்கொள்வோம்

மேற்கிலிருந்து கிழக்காக 200 மீட்டர் நீளம், 100 மீட்டர் அகலம். இரண்டு ஹெக்டேர், ஏறத்தாழ ஐந்து ஏக்கர். மேற்குத் தலைமாட்டிலிருந்து கிழக்குக் கால்மாடு இரண்டு மீட்டர் தாழ்ந்திருக்கிறது. அதாவது 1-க்கு 100 சரிவு. மேற்கே இன்னும் நான்கு ஹெக்டேர் மேட்டு நிலம், அதன் மழை நீர் முழுவதும் இந்த நிலத்தின் வழியாகத்தான் வருகிறது. கிழக்கே ஒரு ஓடை, அது ஊர் ஏரியின் வரத்துக்காலில் சேர்கிறது. முப்பது சென்டிமீட்டர் மேல்மண்ணுக்குக் கீழே மூன்று மீட்டர் கிராவல்.

அவசரக் கணக்கு இப்படிப் போகும்: 200 × 100 × 3, ஆக 60,000 கன மீட்டர். ஒரு யூனிட் என்பது 100 கன அடி, அதாவது 2.83 கன மீட்டர். 21,200 யூனிட்! இந்த எண்ணை நம்பி முன்பணம் கைமாறிய இடங்களைப் பார்த்திருக்கிறேன்.

உண்மையில் எடுக்க முடிவது எவ்வளவு? பக்கத்துப் பட்டா நிலத்தை ஒட்டி 7.5 மீட்டர் தொடாமல் விட வேண்டும். நான்கு பக்கமும் விட்டால் மிஞ்சுவது 185 × 85 மீட்டர். பிறகு, சுவரைச் செங்குத்தாக வெட்டக் கூடாது. 1961-ஆம் ஆண்டின் உலோகக் கனிமச் சுரங்க ஒழுங்குமுறைகள் சரளை, களி, மொரம் போன்ற இளகிய மண்ணுக்கு இரண்டு வழிகளைத் தருகின்றன: பக்கச் சுவர் 45 பாகைக்கு மிகாத சரிவில் இருக்க வேண்டும், அல்லது படி படியாக வெட்ட வேண்டும். படியின் உயரம் 1.5 மீட்டருக்கு மேல் போகக் கூடாது, அகலம் உயரத்தைவிடக் குறையக் கூடாது. மூன்று மீட்டர் ஆழத்துக்கு இரண்டு படிகள். மேல் படி 185 × 85 × 1.5, கீழ்ப் படி எல்லாப் பக்கமும் 1.5 மீட்டர் உள்ளே தள்ளி 182 × 82 × 1.5. இரண்டையும் கூட்டினால் சுமார் 46,000 கன மீட்டர். அவசரக் கணக்கிலிருந்து 14,000 கன மீட்டர், கிட்டத்தட்ட 5,000 யூனிட், போய்விட்டது. வண்டிப் பாதைக்கும், சேற்று நீரைத் தெளியவைக்கும் குட்டைக்கும் இன்னும் கொஞ்சம் போகும். இதை முதல் நாளே ஒத்துக்கொள்ளாதவர்கள்தான் கடைசியில் எல்லை வரப்பின் அடியைக் குடைகிறார்கள்.

ஏன் பாத்தி?

சுரங்கத் திட்டங்களில் 'கட்டம்' என்று எழுதுவார்கள். நான் பாத்தி என்றே சொல்கிறேன். பாத்தி கட்டுவதே தண்ணீரைக் கட்டுப்படுத்தத்தான் என்பது விவசாயம் செய்த யாருக்கும் தெரியும். குழியையும் அதே காரணத்துக்காகத்தான் பிரிக்கிறோம்.

ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் அது ஒரு லிட்டர். இதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால் போதும், மற்றதெல்லாம் பெருக்கல்தான். 185 × 85 மீட்டரையும் ஒரே மூச்சில் திறந்துவிட்டீர்கள். ஐப்பசியில் ஒரு நாளில் 100 மில்லிமீட்டர் கொட்டுகிறது. கடலோர மாவட்டங்களில் இது அபூர்வமான மழை அல்ல. குழிக்குள் நேரடியாக விழுவது மட்டும் சுமார் 15.7 லட்சம் லிட்டர். ஒரு சொட்டும் கீழே இறங்கவில்லை என்று வைத்துக்கொண்டால், நொடிக்கு 20 லிட்டர் இறைக்கும் பம்புக்கு ஏறத்தாழ 22 மணி நேரம் இடைவிடாத வேலை. அத்தனையும் செங்குழம்பு.

அதே நிலத்தை நான்கு பாத்தியாகப் பிரித்து ஒன்றை மட்டும் திறந்திருந்தால்? திறந்த பரப்பு சுமார் 3,900 சதுர மீட்டர். அதே மழைக்கு 3.9 லட்சம் லிட்டர், ஐந்தரை மணி நேரம். மற்ற மூன்று பாத்திகளிலும் புல்லும் புதரும் நிற்கின்றன. அங்கே ஓடும் தண்ணீர் ஏறக்குறையத் தெளிவாகவே போகிறது. சேறு எவ்வளவு உண்டாகும் என்பதை மழையைவிட, எவ்வளவு மண்ணை அம்மணமாக விட்டிருக்கிறோம் என்பதுதான் தீர்மானிக்கிறது. வானத்தை நம்மால் மாற்ற முடியாது, திறந்த பரப்பை மாற்றலாம். பாத்தி பிரிப்பதன் முழுப் பொருளும் இதுதான் என்று நினைக்கிறேன்.

எங்கிருந்து தொடங்குவது?

பள்ளத்திலிருந்து. நம் நிலத்தில் கிழக்குக் கோடியிலிருந்து. இங்கேதான் புதியவர்கள் அதிகம் தவறுகிறார்கள், காரணம் சாலை பெரும்பாலும் மேட்டுப் பக்கம் இருக்கும்; பொக்லைன் இறங்கிய இடத்திலேயே பக்கெட்டைப் போட்டுவிடத் தோன்றும்.

மேட்டில் தொடங்கிப் பள்ளத்தை நோக்கி வெட்டினால், தண்ணீர் எப்போதும் நீங்கள் வெட்டிக்கொண்டிருக்கும் முகத்தை நோக்கி வரும். இயந்திரமும் லாரியும் நிற்கும் இடமே குட்டையாகும். ஒரு குழியில் இப்படித் தலைகீழாகத் தொடங்கியதால், மழைக்குப் பின் மூன்று வாரம் ஒரு லோடு கூட எடுக்க முடியாமல் கிடந்ததைப் பார்த்தேன். கிராவல் கண்ணெதிரே இருந்தது, அதை அடைய முழங்கால் சேற்றில் இறங்க வேண்டியிருந்தது. பள்ளத்தில் தொடங்கி மேட்டை நோக்கி நகர்ந்தால் தண்ணீர் உங்கள் முதுகுப் பக்கமாக ஓடிவிடும். வெட்டுமுகம் காய்ந்தே இருக்கும்.

குழியின் தரையும் அதே 1-க்கு 100 சரிவில் கிழக்கே சாய்ந்திருக்க வேண்டும். நூறு மீட்டருக்கு ஒரு மீட்டர். கண்ணால் பார்த்து இதைப் பிடிக்க முடியாது. கொத்தனார்கள் பயன்படுத்தும் நீர்மட்டக் குழாயை வைத்து வாரம் ஒருமுறை பார்த்தால் போதும். தரையில் ஒரு சாண் பள்ளம் விழுந்தாலும் அங்கே நீர் தேங்கும், அதில் லாரிச் சக்கரம் மிதித்து மிதித்துப் பள்ளம் பெரிதாகும்.

கிழக்குக் கோடியில் தரையைவிடத் தாழ்வாக ஒரு நீர்க்குழி: 10 × 20 மீட்டர், இரண்டு மீட்டர் ஆழம். 400 கன மீட்டர் பிடிக்கும். ஒரு பாத்தியில் விழும் 100 மில்லிமீட்டர் மழை இதற்குள் அடங்கிவிடும் என்பதைக் கவனித்தீர்களா? பாத்தியின் அளவும் நீர்க்குழியின் அளவும் ஒன்றையொன்று பார்த்துத்தான் முடிவாகின்றன.

இன்னொன்றையும் இப்போதே குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு, மூன்று, நான்காம் பாத்திகளின் தண்ணீரும் இதே நீர்க்குழிக்குத்தான் வர வேண்டும். அதனால் முதல் பாத்தியின் ஒரு ஓரம் கடைசி நாள் வரை வாய்க்காலுக்கு உரியது. வேலை முடிந்த பாத்திதானே என்று முழுவதும் நிரவிவிட்டால் மேலே உள்ள பாத்திகள் அடைபட்டுப்போகும்.

மேட்டுத் தண்ணீரை உள்ளே விடாதீர்கள்

குழிக்குள் விழும் மழையைத் தடுக்க முடியாது. மேற்கே உள்ள நான்கு ஹெக்டேர் தண்ணீரைத் தடுக்கலாம். மணிக்கு 50 மில்லிமீட்டர் வேகத்தில் மழை பெய்து அதில் பாதி ஓடி வருகிறது என்று வைத்தால், நொடிக்கு சுமார் 280 லிட்டர். நம் பம்பைப் போல பதினான்கு பம்புகள் இறைக்க வேண்டிய தண்ணீர்! இதைக் குழிக்குள் வரவிட்டுப் பிறகு டீசல் ஊற்றி வெளியே இறைப்பதைப் போன்ற வீண்வேலை வேறில்லை. அது வரும்போது தெளிந்த தண்ணீர், போகும்போது சேறு.

மேற்கு எல்லையில் ஒரு வாய்க்கால் வெட்டித் தெற்கு எல்லை வழியாக ஓடைக்குக் கொண்டுபோக வேண்டும். அடிப்பகுதியின் அகலம் அரை மீட்டர், நீர் ஆழம் அரை மீட்டர், பக்கங்கள் 45 பாகை, மேலே ஒரு சாண் கூடுதல் உயரம். 1-க்கு 500 சரிவில் இந்த வாய்க்கால் நொடிக்கு 300 லிட்டர் வரை கொண்டுபோகும், வேகம் நொடிக்கு 0.6 மீட்டர் அளவில் இருக்கும். செம்மண் அந்த வேகத்தைத் தாங்கும்.

மேற்கு எல்லையில் இந்தச் சரிவு எளிது. தெற்கு எல்லையில் நிலமே 1-க்கு 100 சரிகிறது. அங்கே நிலத்தின் போக்கில் வெட்டினால் வேகம் இரண்டு மடங்குக்கு மேல் ஏறி, வாய்க்கால் தன்னையே அரித்துக்கொண்டு ஓடைபோல் ஆழமாகிவிடும். கல் அடுக்கி நாற்பது சென்டிமீட்டர் உயரத்தில் நான்கு இடங்களில் தண்ணீரை இறக்கிவிட்டால், இடைப்பட்ட தூரமெல்லாம் 1-க்கு 500 சரிவிலேயே இருக்கும். ஒரு நாள் வேலை அது.

வண்டிப் பாதையையும் மறக்கக் கூடாது. குழிக்குள் இறங்கும் பாதை மழை நாளில் முதல்தரமான வாய்க்கால். அதன் வாயில் தண்ணீர் ஏற முடியாதபடி ஒரு மேடு, வேகத்தடை போல, போட்டுவிட வேண்டும். லாரி ஏறி இறங்கும். தண்ணீர் திரும்பிப் போகும்.

குட்டையின் ஆழமா, பரப்பா?

நீர்க்குழியிலிருந்து இறைக்கும் செந்நீரை நேராக ஓடையில் விடக் கூடாது. அது வரத்துக்காலில் படியும், ஏரியில் படியும், மதகை அடைக்கும். அதனால் ஒரு தெளிகுட்டை வேண்டும். எல்லாரும் உடனே ஆழமாக வெட்டச் சொல்வார்கள். எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. ஆனால் கணக்கு வேறு சொல்கிறது.

தண்ணீரில் ஒரு துகள் விழும் வேகம் அதன் விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. விட்டம் பத்தில் ஒன்றானால் வேகம் நூறில் ஒன்று. 0.05 மில்லிமீட்டர் துகள் ஒரு மீட்டர் இறங்க ஏழெட்டு நிமிடம். 0.01 மில்லிமீட்டர் வண்டல் துகளுக்கு மூன்று மணி நேரம். 0.001 மில்லிமீட்டர் களித் துகளுக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று நாள். குடத்தில் வைத்த ஆற்று நீரில் மணல் உடனே அடங்கியும் கலங்கல் மறுநாளும் நிற்பது இதனால்தான்.

குட்டையில் ஒரு துகள் அடங்க வேண்டுமானால், தண்ணீர் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போவதற்குள் அது அடியைத் தொட வேண்டும். ஆழத்தை இரட்டிப்பாக்கினால் தண்ணீர் தங்கும் நேரம் இரட்டிப்பாகும். ஆனால் துகள் விழ வேண்டிய தூரமும் இரட்டிப்பாகும். இரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும். மிஞ்சுவது பரப்பு மட்டும். வரும் நீரின் அளவைத் துகள் விழும் வேகத்தால் வகுத்தால் தேவையான பரப்பு கிடைக்கும். நொடிக்கு 20 லிட்டர் பம்பு, 0.01 மில்லிமீட்டர் துகள் என்றால் சுமார் 220 சதுர மீட்டர். 9 × 25 மீட்டரில் நீளவாட்டமான குட்டை, ஒரு முனையில் நுழைவு, எதிர்முனையில் வெளியேற்றம். ஒன்றரை மீட்டர் ஆழம் போதும், அதுவும் படிந்த சேற்றுக்கு இடம் வேண்டும் என்பதற்காக. நுழைவும் வெளியேற்றமும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் தண்ணீர் குறுக்கே ஓடிவிடும், மீதிக் குட்டை சும்மா கிடக்கும்.

நுண்ணிய களி இதிலும் தெளியாது. அதற்கு நேர்மையான வழி, மழை விட்ட பின் அந்த நீரை வெளியே விடாமல் வைத்திருந்து வண்டிப் பாதையில் தூசி அடங்கத் தெளிப்பதுதான். குட்டை பிடிக்கும் இடம் கடைசிப் பாத்தி முடியும் வரை மகசூலில் சேராது என்பதையும் கணக்கில் எழுதிவிட வேண்டும்.

ஈரச் சுவர் ஏன் ஏமாற்றுகிறது

மழைக்குப் பின் சில நாள் கழித்துப் பார்த்தால் மூன்று மீட்டர் சுவர் செங்குத்தாக, அசையாமல் நிற்கும். 'பாறை மாதிரி இருக்கிறதே, படி எதற்கு?' என்பார்கள். கடற்கரையில் குழந்தைகள் ஈர மணலில் வீடு கட்டுவதை நினைத்துப் பாருங்கள். துகள்களுக்கு இடையே இருக்கும் சிறிதளவு நீர் அவற்றை இழுத்துப் பிடிக்கிறது. மணல் முழுக்க நனைந்தாலும் வீடு சரியும், முழுக்கக் காய்ந்தாலும் சரியும். கிராவல் சுவரில் களியும் இருப்பதால் இன்னும் கொஞ்சம் நாள் தாங்கும், அதனால்தான் அதிகம் ஏமாற்றுகிறது. அடியைக் குடைந்து மேல்மண்ணைத் தானாக விழவைப்பது சட்டப்படியும் குற்றம், உயிருக்கும் கேடு. நிழலுக்காகச் சுவரடியில் உட்கார்ந்து சாப்பிடும் தொழிலாளர்களை நான் ஒவ்வொரு முறையும் எழுப்பிவிடுகிறேன். கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

மேல்மண்ணும் நாட்காட்டியும்

மேல் முப்பது சென்டிமீட்டர் மண்ணில்தான் உயிர் இருக்கிறது. அதைக் கிராவலோடு கலந்து ஏற்றிவிட்டால் அந்த நிலம் எதற்கும் உதவாமல் போய்விடும். ஒரு பாத்திக்குச் சுமார் 1,200 கன மீட்டர் வரும். முதல் பாத்தியின் மேல்மண்ணை வடக்கு எல்லைப் பட்டையில், குழி விளிம்பை விட்டு விலக்கி, ஆள் உயரத்துக்கு மிகாத நீண்ட வரப்பாகக் கொட்டிக் கொழுஞ்சியோ சணப்பையோ விதைத்துவிடலாம். இரண்டாம் பாத்தியின் மேல்மண் எங்கும் குவிய வேண்டியதில்லை, நேராக முதல் பாத்தியின் தரைக்குப் போகும். மூன்றாவது இரண்டுக்கு, நான்காவது மூன்றுக்கு. வடக்கே காத்திருந்த மண் கடைசியாக நான்காம் பாத்திக்கு. ஒரே மண்ணை இருமுறை அள்ளும் செலவு ஒரு பாத்திக்கு மட்டும்தான்.

எப்போது எதைச் செய்வது? தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறத்தாழ பாதி வடகிழக்குப் பருவத்தில், அக்டோபர் முதல் டிசம்பருக்குள் விழுகிறது. அதனால் புதிய பாத்தியின் மேல்மண்ணை உரிப்பது தை பிறந்த பின். தையிலிருந்து ஆவணி வரை வெட்டு. புரட்டாசியில் புதிய பரப்பு எதையும் திறக்காமல் வாய்க்கால், நீர்க்குழி, தெளிகுட்டை மூன்றையும் தூர்வார வேண்டும். முடிந்த பாத்தியில் மேல்மண்ணை நிரவி விதைப்பதும் அப்போதுதான். ஐப்பசி மழை முளைக்கவைத்துவிடும்.

மேல்மண்ணை உரிக்கும்போது கண்ணைத் திறந்து வைத்திருங்கள். 1863 மே 30 அன்று பல்லாவரத்தில் ஒரு சிறிய சரளைக் குழியிலிருந்து வெளியே கொட்டிய மண்ணில்தான் நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் பழைய கற்காலக் கருவியைக் கண்டெடுத்தார். அதே ஆண்டில், அத்தகைய கருவிகள் கிடைக்கும் அத்திரம்பாக்கமும் வெளிச்சத்துக்கு வந்தது. செம்மண் சரளை நம் மிகப் பழைய முன்னோரின் கைவேலையைப் பொதிந்து வைத்திருக்கும் மண். இரு பக்கமும் செதுக்கிய, பாதாம் பருப்பு வடிவக் கல் ஒன்று வந்தாலும் அந்த இடத்தில் இயந்திரத்தை நிறுத்திவிட்டுத் தொல்லியல் துறைக்குச் சொல்லுங்கள்.

நிலத்தடி நீர், அனுமதி

சுற்றியுள்ள கிணறுகளின் நீர்மட்டத்தைச் சித்திரையில் அளந்து ஆழத்தை முடிவு செய்பவர்கள் ஏமாறுவார்கள். மார்கழியில் மழை ஓய்ந்ததும் அளக்க வேண்டும், அதுதான் உச்சம். குழியின் தரை அந்த உச்சத்துக்கும் மேலே, குறைந்தது ஒரு மீட்டராவது இருக்க வேண்டும் என்பது என் கருத்து. அதற்குக் கீழே போனால் நீங்கள் இறைப்பது மழை நீரை அல்ல, பக்கத்துத் தோட்டத்தின் கிணற்றை.

அனுமதி பற்றிச் சுருக்கமாக: தமிழ்நாடு சிறுகனிமச் சலுகை விதிகள் 1959-இன்படி குத்தகை பெற வேண்டும். ஐந்து ஹெக்டேருக்குக் குறைந்த சிறிய குழி என்றாலும் சுற்றுச்சூழல் அனுமதி தேவை என்று 2012 பிப்ரவரி 27 அன்று தீபக் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. சிறு குழிகள் பல சேர்ந்து செய்யும் கேடு ஒரு பெரிய சுரங்கத்துக்குக் குறைந்ததல்ல என்பது அதன் பின்னுள்ள நியாயம்.

நான்காம் பாத்தியும் முடிந்த பின் நீர்க்குழியை மூட வேண்டாம். அதை ஒட்டிய கரையை மட்டும் 1-க்கு 4 அளவுக்குச் சாய்த்துவிட்டால் மாடு இறங்கித் தண்ணீர் குடித்துவிட்டு ஏறிவிடும், தவறி விழும் குழந்தைக்கும் கால் ஊன்ற இடம் இருக்கும். சுற்றி முள்வேலி, ஆழத்தைக் காட்டும் பலகை. தெற்கு வாய்க்காலின் கல் படிகளை அப்படியே விட்டுவிடுங்கள், மேட்டு நிலத்துத் தண்ணீர் அடுத்த கார்த்திகையிலும் அந்த வழியாகத்தான் ஏரிக்குப் போயாக வேண்டும்.